சொந்த இடத்தில் சருகைக் கொளுத்த யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. மரங்களைக் கழித்துவிட்டதில் கிளையும் சருகுமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அதோடு பெயின்ட் அடித்த பழைய கதவு, உடைந்த பலகைகள், கிழிந்த பிளாஸ்டிக் சாக்குகள், அட்டைப்பெட்டிகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன இரும்பு டிரம் ஒன்றும் உண்டு. அதில் போட்டு எரித்தால் ஆபத்தில்லை என்கிறார் என் மாமனார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆஸ்துமா. "இங்கே நெருப்பு வைத்தால் புகார் கொடுத்துவிடுவேன்" என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். சொந்த இடத்தில் எரிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்த நேரத்தில் எரிக்கலாம்?

தீத்தடுப்புப் பிரிவு அதிகாரியின் பதில்:

வணக்கம். முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருக்கும் குவியலை அப்படியே கொளுத்த அநேகமாக எந்த ஊர் விதியும் இடம் கொடுக்காது. கதவு, பலகை, சாக்கு, அட்டைப்பெட்டி இவை நான்கும் தனியே போக வேண்டும். மிச்சம் இருப்பது கிளையும் சருகும்தான். அதை எரிக்க சில ஊர்களில் அனுமதி கிடைக்கும், சில ஊர்களில் அறவே கிடைக்காது. கிடைக்கும் ஊரிலும் எந்த நாள், எந்த நேரம், எத்தனை பெரிய குவியல் என்று நிபந்தனைகள் இருக்கும்.

நிலம் உங்களுடையது, சரி. ஆனால் புகையும் பொறியும் உங்கள் வேலியோடு நிற்பதில்லை. அதனால்தான் சொந்த இடத்து நெருப்புக்கும் சட்டம் வருகிறது. இதில் பலருக்கும் குழப்பம் வருவது எங்கே என்றால், ஒரே நெருப்பை மூன்று தரப்பு மூன்று கண்ணோடு பார்க்கிறது. ஊராட்சி அல்லது நகராட்சிக்கு அது குப்பை. மாசுக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அது புகை. தீயணைப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் அது பரவக்கூடிய தீ. ஒருவர் சரி என்று சொன்னால் மற்ற இருவரும் சரி சொன்னதாக ஆகாது. "ஃபயர் ஸ்டேஷனில் கேட்டேன், தாராளமாகச் செய்யுங்கள் என்றார்கள்" என்று சொல்பவர், குப்பை எரிப்புத் தடையை மீறியதற்காக நகராட்சியிடம் அபராதம் கட்ட நேர்வது இப்படித்தான். குடியிருப்பு நலச் சங்கம் இருந்தால் அவர்களுடைய விதியையும் பாருங்கள். அரசு அனுமதிப்பதையும் சங்கம் தடுக்கலாம்.

இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதற்குச் சில உதாரணங்கள். பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் நெருப்பு மூட்டுவதற்கென்று பொதுவான தடை கிடையாது. ஆனால் புகை அடிக்கடி அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்தால், 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்பு நடவடிக்கை எடுக்கலாம். புகை சாலைக்குப் போய் வாகன ஓட்டிகளுக்கு ஆபத்து உண்டாக்கினால் அது தனிக் குற்றம். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தன் வளாகத்துக்கு வெளியே தெருவிலோ பொது இடத்திலோ குப்பையை எரிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லின. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மார்ச் 16 முதல் மே 14 வரை வீட்டுக் கிளை தழைகளை எரிக்கத் தடை இருக்கிறது. முந்தைய ஆண்டின் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும், புதுப் பச்சை இன்னும் துளிர்த்திருக்காது என்ற காலம் அது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதிக்கும் தீ அபாயக் காலம் அறிவிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் எரிக்க முடியாது. அதற்குள்ளும் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வழக்கமான சீட்டு கையில் இருந்தாலும் செல்லாது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அனுமதிச் சீட்டு வேறு, இன்றைக்கு எரிக்கலாம் என்பது வேறு. சீட்டு உங்களுக்கும் உங்கள் இடத்துக்கும் கொடுத்தது. வானிலை அதற்குக் கட்டுப்பட்டது அல்ல. ஆகவே பல ஊர்களில், எரிக்கும் நாளன்று காலையில் ஒரு எண்ணைக் கூப்பிட்டோ இணையத்தில் பார்த்தோ அன்று எரிப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்தாக வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது புகையைப் பார்த்துக் கூப்பிட, நிஜமாகத் தீப்பிடித்த இடத்துக்குப் போக வேண்டிய வண்டி உங்கள் வாசலில் வந்து நிற்கும். இன்னொன்று: சீட்டு வாங்கியவர் என்பதற்காகப் பொறுப்பு குறையாது. தீ கைமீறி அடுத்தவர் சொத்து எரிந்தால், சீட்டு இருந்தாலும் நஷ்ட ஈடு கேட்டு உங்கள்மீது வழக்கு வரலாம். அணைக்க ஆன செலவையும் உங்களிடமே வசூலிக்கச் சில நாடுகளில் சட்டம் உண்டு.

போனில் என்ன கேட்பது என்று தெரியாமல் "எரிக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் "பார்த்துச் செய்யுங்க" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். தோட்டக் கழிவை எரிக்க இந்த முகவரியில் அனுமதி உண்டா, இப்போது தடைக்காலம் ஏதும் நடக்கிறதா, குவியல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், கட்டடத்திலிருந்தும் எல்லை வேலியிலிருந்தும் எத்தனை அடி விட வேண்டும், எத்தனை மணிக்குள் முழுதாக அணைக்க வேண்டும். பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புகார் வரும் சாத்தியம் இருக்கும் உங்கள் நிலையில் இது உதவும்.

இனி அந்தக் கதவு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவிலேயே வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல்தான். அதை எரித்தால் ஈயம் காணாமல் போகாது. கொஞ்சம் புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கி, பிறகு குழந்தைகள் விளையாடும் மண்ணில் கலக்கும். உடைந்த பலகைகளைப் பற்றியும் ஒரு சந்தேகம் எனக்கு. வேலி, படிக்கட்டு, தோட்டத்து மேடை போன்றவற்றிலிருந்து வந்த பலகையாக இருந்து, லேசாகப் பச்சை பாய்ந்திருந்தால் அது கரையான் அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரமாக இருக்கலாம். அந்த வகை மருந்துகளில் பல காலம் பயன்பட்ட ஒன்று குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கலவை. ஆர்செனிக் என்பது பாஷாணம். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் போட்ட மரம் இன்னும் வேலிகளில் நிற்கிறது. அந்தச் சாம்பலைக் கையால் தொடுவதே தவறு. மரம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாவிட்டால் அதை எரிக்காதீர்கள்.

சாக்குப்பை, பிளாஸ்டிக் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. எங்கும் எரிக்கக் கூடாது. அட்டைப்பெட்டி பழைய பேப்பர்காரருக்குப் போகட்டும். பற்றிய அட்டைத்துண்டு காற்றில் எழும்பிப் பறக்கும், கூரைமேல் போய் உட்காரும். மருந்து அடிக்கும் கேன், ஸ்பிரே டப்பா, பேட்டரி ஏதாவது குவியலின் அடியில் சிக்கியிருக்கிறதா என்றும் கிளறிப் பாருங்கள், வெடிக்கும். மூங்கில் துண்டுகள் இருந்தால் கணுவுக்குக் கணு பிளந்துவிடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி வெடித்துத் தணலைச் சிதற அடிக்கும். கழித்த கிளைகளில் அரளி இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள், அதன் புகையும் நஞ்சு.

அடுத்து உங்கள் மாமனார் சொன்ன டிரம். பொறி பறப்பதை ஓரளவு தடுக்கும் என்ற வகையில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே கம்பி வலை போட்ட, விதிப்படி ஒப்புதல் பெற்ற கொள்கலனுக்குச் சில ஊர்களில் தூர நிபந்தனையைக் குறைத்தும் தருகிறார்கள். ஆனால் ஏதோ ஒரு பழைய டிரம் அதில் சேராது. முன்பு அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எண்ணெயோ ரசாயனமோ ஒட்டியிருந்தால் சூடேறும்போது ஆவி பற்றிக்கொள்ளும். அதைவிட முக்கியம், டிரம்முக்குள் எரிவது எப்படி என்பது. அடியில் காற்று போக வழியில்லை. மேலே தீ, நடுவில் புழுங்கல், அடியில் வெறும் புகைச்சல். குப்பையை அப்படிக் குறைந்த சூட்டில், மூச்சுமுட்டப் புகையவிட்டால் டையாக்சின் என்ற நச்சுக்கூட்டம் உருவாகிறது. குளோரின் கலந்த பிவிசி போன்ற பிளாஸ்டிக் இருந்தால் அதற்கு இன்னும் வசதி. ஐரோப்பாவில் குப்பை எரிக்கும் ஆலைகளுக்கான விதி, வெளிவரும் வாயு குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் 2 வினாடியாவது இருந்தாக வேண்டும் என்கிறது. அதற்குப் பிறகும் புகையை வடிகட்டித்தான் வெளியே விடுகிறார்கள். வீட்டு டிரம்மில் இதில் ஒன்றுகூட நடக்காது. வீட்டுப் பின்புறங்களில் குப்பை எரிப்பது டையாக்சின் வெளியேறும் முக்கிய வழிகளில் ஒன்று என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கண்டது இதனால்தான். டிரம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

சரி, கிளையும் சருகும் மட்டும், அனுமதியும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு தள்ளி?

உங்கள் ஊர் விதி ஒரு எண் சொன்னால் அதுதான் எண். சொல்லவில்லை என்றால், அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் இன்டர்நேஷனல் ஃபயர் கோட் என்ற தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு சொல்வதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எந்தக் கட்டடத்திலிருந்தும் 50 அடி, அதாவது 15 மீட்டர். குவியல் 3 அடி விட்டத்துக்கும் 2 அடி உயரத்துக்கும் மிகாமல் இருந்தால் 25 அடி போதும் என்று தளர்த்துகிறது. இந்தத் தளர்வில்தான் விஷயமே இருக்கிறது. தூரமும் குவியலின் அளவும் சேர்ந்தே போகும். ஆள் உயரக் குவியலை ஒரே மூச்சில் கொளுத்தினால் எழும் அனல், பக்கத்தில் நிற்கும் பச்சை மரத்து இலையையே வாட்டிச் சருகாக்கிவிடும். அதே கிளைகளை முழங்கால் உயரக் குவியலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் தீ உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், போடுவதை நிறுத்தினால் தானே அடங்கும். கலிபோர்னியாவின் வனத் தீத்தடுப்புத் துறை குவியலை 4 அடி விட்டம், 4 அடி உயரத்துக்குள் வைத்து, அதன் விளிம்பிலிருந்து சுற்றிலும் 10 அடிக்குப் புல்பூண்டு இல்லாமல் சுத்தம் செய்யச் சொல்கிறது. சுத்தம் என்றால் கூட்டிவிடுவது அல்ல. மண்வெட்டியால் புல்லின் வேர் வரை செதுக்கி, வெறும் மண் தெரிய வேண்டும்.

தூரத்தைத் தரையில் மட்டும் அளந்துவிட்டு நிற்காதீர்கள். அண்ணாந்து பாருங்கள். மேலே கிளை தொங்குகிறதா, மின்கம்பி போகிறதா? கம்பிக்குக் கீழே நெருப்பு வைக்கவே கூடாது. பிறகு கீழே. செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர் அல்லது எரிவாயுக் குழாய், கேபிள் எதுவும் அந்த இடத்தில் புதைந்திருக்கக் கூடாது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் வைத்து எரிப்பது பலருக்கும் வழக்கம், கட்டையும் சேர்ந்து ஒழியுமே என்று. ஆனால் நெருப்பு வேர் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட்டால் அது எங்கே, எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் பற்றிய உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. காரணம், தீக்கு நல்ல நேரமும் புகைக்கு நல்ல நேரமும் ஒன்று அல்ல. நடுப்பகலிலும் பிற்பகலிலும் வெயில் ஏற ஏறக் காற்றின் ஈரப்பதம் இறங்கும், காற்றும் எழும்பும். சருகு மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். தீ பரவ அதுவே தோதான நேரம். வர்ஜீனியா மாநிலத்தில் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 30 வரை, காட்டுக்கோ காய்ந்த புல்வெளிக்கோ 300 அடிக்குள் இருக்கும் இடத்தில் மாலை 4 மணிக்கு முன் எரிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 4 மணிக்கு மேல் காற்று அடங்கி ஈரப்பதம் ஏறும் என்பதுதான் கணக்கு. இது தீயை மட்டும் பார்த்த விதி.

புகையைப் பாருங்கள். பொழுது சாய்ந்ததும் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். புகை மேலே போக வழியில்லாமல் தாழ்வாகப் பரவி, ஜன்னல் வழியாக வீடுகளுக்குள் நுழையும். விடியற்காலையிலும் இதே கதைதான். ஆகவே புகையைப் பார்த்து எழுதிய விதிகள் பகலில் மட்டும் எரிக்கச் சொல்கின்றன, பொழுது சாய்வதற்குள் அணைக்கவும் சொல்கின்றன. உங்கள் ஊர் விதி இரண்டில் எந்தக் கவலையை முன்னால் வைக்கிறது என்று பாருங்கள், அதன் பின்னால் போங்கள். விதி எதுவும் நேரம் சொல்லவில்லை, பக்கத்தில் காடும் காய்ந்த புல்லும் இல்லை, ஆனால் அடுத்த வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார் என்றால், நான் முற்பகலைத்தான் சொல்வேன். பனியும் மூட்டமும் விலகி, காற்று இன்னும் வேகம் எடுக்காத வேளை. ஒரு பிடி சருகைப் பற்றவைத்துப் பாருங்கள். புகை நேராக எழுந்து மெல்லக் கலைந்தால் சரி. தரையோடு படுத்தாலோ, அடுத்த வீட்டுப் பக்கம் சாய்ந்தாலோ அன்று எரிக்க வேண்டாம். சுள்ளிகள் அசையும் அளவுக்குக் காற்று இருந்தாலும் அன்று வேண்டாம்.

எரியும் பொருளின் ஈரம் புகையைத் தீர்மானிக்கிறது. பச்சைக் கிளையில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் சூடு செலவாகிவிடும். மிச்சம் இருக்கும் சூடு மரத்தை முழுதாக எரிக்கப் போதாமல் வெள்ளைப் புகையாகக் கக்கும். கண்ணை எரிக்கும் பொருள்களும் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் நிறைந்த புகை அது. அதனால் கழித்த கிளையைச் சில மாதம் காயவிடுங்கள். மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், கொளுத்தும் முன் தார்ப்பாயை எடுத்துவிட மறக்காதீர்கள். நனைந்த சருகை எரிக்கவே வேண்டாம். அது எரிவதில்லை, நாள் முழுக்கப் புகையும்.

நாள்கணக்கில் கிடந்த குவியலைக் கிடந்த இடத்திலேயே கொளுத்தாதீர்கள். பாம்பு, ஓணான், கீரிப்பிள்ளை, பூனைக்குட்டி என்று உள்ளே எதுவும் குடியேறியிருக்கலாம். செதுக்கிவைத்த இடத்துக்கு அன்றைக்கே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் போட்டு எரியுங்கள். குவியலைச் சிறிதாக வைக்கவும் இதுவே வழி.

பற்றவைக்கப் பெட்ரோல் கூடாது. மண்ணெண்ணெய், டீசல், தின்னர் எதுவும் கூடாது, பெட்ரோல் நினைப்பிலும் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும் திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். ஊற்றிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடும் நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஊர்ந்து உங்கள் காலடிக்கு வந்திருக்கும். குச்சியைக் கிழித்ததும் குவியல் மட்டும் பற்றாது, நின்றவரும் சேர்ந்து பற்றுவார். முகமும் கையும் வெந்து வருபவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், இதில் மட்டும் விதிவிலக்கு வேண்டாம். காய்ந்த சுள்ளியும் ஒரு கை காகிதமும் போதும். அதையும் அடியில் வைக்காமல் மேலே வைத்துப் பற்றவையுங்கள். தீ மேலிருந்து கீழே இறங்கும்போது, அடியிலிருந்து கிளம்பும் புகை தீ நாக்கின் வழியாகவே போக நேர்கிறது, அதில் பெரும்பகுதி எரிந்துவிடும். பற்றச் சற்று நேரம் ஆகும். புகை நன்றாகக் குறையும்.

தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து, திறந்து பார்த்து, குவியல் வரை எட்டுகிறது என்று உறுதிசெய்த பிறகே தீக்குச்சியைக் கையில் எடுக்க வேண்டும். மண்வெட்டி ஒன்றும் மண் நிரம்பிய இரண்டு வாளியும் பக்கத்தில் இருக்கட்டும். நைலான், பாலியஸ்டர் துணி உடுத்தாமல் பருத்தி உடுத்துங்கள். புடவை முந்தானை, துப்பட்டா, லுங்கி இவற்றை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், பேன்ட் போட்டால் இன்னும் நல்லது. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும். போன் பேச, கேட்டைத் திறக்க என்று இரண்டு நிமிடம் உள்ளே போகிற இடைவெளிதான் வழக்கமாக ஆபத்தில் முடிகிறது. கூட ஒருவர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

விதிகளில் மக்கள் அதிகம் கவனிக்காத பகுதி அணைப்பதுதான். தீ நாக்கு அடங்கியதும் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். எனக்குத் தெரிந்து, கைமீறிய நெருப்புகளில் பல, நன்றாக எரிந்துகொண்டிருந்தபோது கைமீறியவை அல்ல. எல்லோரும் வீட்டுக்குள் போன பிறகு, சாயங்காலக் காற்றிலோ மறுநாள் வெயிலிலோ கிளம்பியவை. நீறுபூத்த நெருப்பு எத்தனை பொறுமையாகக் காத்திருக்கும் என்பதற்கு 2022-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் நடந்தது ஒன்றே போதும். அங்கே வனத்துறையினர் அந்த ஜனவரியில் மரக்கழிவுக் குவியல்களை முறைப்படி எரித்தார்கள். மேலே அணைந்ததுபோல் இருந்தது. மூன்று முறை பனி பெய்து மூடியும், அடியில் கனன்றுகொண்டே இருந்து, ஏப்ரலில் காற்று வந்ததும் எழுந்தது. அருகில் இன்னொரு திட்டமிட்ட எரிப்பிலிருந்து தப்பிய தீயோடு அது சேர்ந்து, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே பெரிய தீ அது. மூட்டியவர்கள் பயிற்சி பெற்ற ஆட்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அணைப்பது இப்படி. முதலில் விளிம்பிலிருந்து உள்நோக்கித் தண்ணீர் விடுங்கள். பீய்ச்சி அடித்தால் சாம்பலும் கங்கும் சிதறும், பூவாளிபோல் தூவ வேண்டும். "உஸ்" என்ற சத்தம் நின்றதும் மண்வெட்டியால் அடி வரை புரட்டுங்கள். கருகிய கட்டைகளைத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் சிவப்பாக இருக்கும். அதைச் சுரண்டி நனையுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி புரட்டல். ஆவி வருவது முழுதாக நின்ற பிறகு, புறங்கையை முதலில் சாம்பலுக்குச் சற்று மேலே பிடித்துப் பாருங்கள். சூடு படவில்லை என்றால் மெல்லக் கிட்டே கொண்டுபோங்கள். எங்கும் வெதுவெதுப்புக்கூட இருக்கக் கூடாது. எங்காவது இருந்தால் அந்த இடத்தைத் தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் போகாதீர்கள், மண் போர்வை சூட்டைப் பல நாள் காப்பாற்றி வைக்கும். ராத்திரி படுக்கும் முன்னும் மறுநாள் காலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைத்தொட்டியிலோ போடக் கூடாது. மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் அள்ளி, வீட்டுச் சுவரையும் வாகனத்தையும் விட்டுத் தள்ளி, சில நாள் வைத்திருங்கள். சுத்தமான மரச்சாம்பல் என்றால் பிறகு கொஞ்சமாகச் செடிகளுக்குத் தூவலாம். காரத்தன்மை உள்ளது, ஒரே இடத்தில் கொட்டினால் மண் கெடும்.

இவ்வளவையும் மீறிக் குவியலை விட்டுத் தீ வெளியே ஓடினால், முதலில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள், அப்புறம் குழாயைத் தூக்குங்கள். "நாமே அணைத்துவிடலாம், வெளியே தெரிந்தால் அபராதம்" என்ற தயக்கத்தில் போகும் முதல் சில நிமிடங்களை எந்த வண்டியாலும் திரும்பப் பிடிக்க முடியாது. முகவரியோடு அடையாளத்துக்கு ஒன்றும் சொல்லி, ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள்.

இனி எரிக்காமல் தீர்ப்பது. உங்கள் குவியலை நினைத்துப் பார்த்தால், அதில் எரித்தே தீர வேண்டியது அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சருகு முழுவதும் உரமாகும். காய்ந்த சருகோடு பச்சைத் தழையும் புல்லும் கலந்து, பிழிந்த துணி அளவு ஈரம் இருக்கும்படி வைத்து, அவ்வப்போது புரட்டினால் போதும். சுள்ளிகளைச் சிறிதாக நறுக்கி மரங்களின் அடியில், தண்டைத் தொடாமல் பரப்பினால் மண்ணின் ஈரம் நிற்கும். ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டிப் பரப்பாதீர்கள், தீக்கும் கரையானுக்கும் அது வழி. பெரிய கிளைகளைத் தூளாக்கும் இயந்திரத்தை அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம். பல உள்ளாட்சிகள் தோட்டக் கழிவைத் தனியே வந்து எடுத்துக்கொள்கின்றன, நாள் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் நோய் தாக்கிய கிளைகள் கொஞ்சம் மிஞ்சலாம். உரக்குழியில் போட்டால் நோய் பரவும் என்பதால் அதை எரிப்பதில் ஓரளவு பொருள் இருக்கிறது. எரிக்க அனுமதி கேட்பதென்றால் அந்த அளவுக்குக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பேன் என்றதில் உங்களுக்கு வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். 2.5 மைக்ரோமீட்டரைவிடச் சிறிய நுண்துகள்கள் நாள் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வரம்பு வைத்தது. மரப்புகையில் மிகுந்திருப்பது இந்தத் துகள்தான். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிழுப்பு வரக் கொஞ்ச நேரப் புகையே போதும். அவர் வீட்டில் இன்ஹேலரோடு உட்கார்ந்திருக்க, இங்கே அனுமதிச் சீட்டைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. நீங்களே ஒருநாள் போய் அந்த மகனிடம் பேசுங்கள். பிளாஸ்டிக்கும் கதவும் எரிக்கப் போவதில்லை, டிரம்மை எடுத்துவிட்டேன், நோய் தாக்கிய கிளை இவ்வளவு இருக்கிறது, இந்த நாள் முற்பகல் இத்தனை மணிக்கு என்று விவரமாகச் சொல்லுங்கள். காற்று அவர்கள் வீட்டுப் பக்கம் வீசினால் தள்ளிப் போடுவேன் என்று சொல்லி, உங்கள் எண்ணையும் கொடுங்கள். அன்று அம்மாவை வேறு உறவினர் வீட்டுக்கு அழைத்துப்போக அவருக்குத் தோதுப்படும் நாளாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அவர் வேண்டாம் என்றால், அந்தக் கிளைகளையும் கட்டாகக் கட்டி உள்ளாட்சி வண்டியில் ஏற்றிவிடுங்கள். நோய் தாக்கியவை என்று எடுக்க வரும் ஆட்களிடம் சொல்லிவிட்டால் அவர்கள் தனியே வைப்பார்கள்.